சின்ன ஊர் நூலகத்துக்குள் ஊரை வரவைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சின்ன ஊரில் நூலகம் எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள் என்று கேட்டால்தான் யோசிப்பார்கள். அது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு, அது ஓய்வு பெற்றவர்கள் நாளிதழ் பார்க்கிற இடம், எனக்கு அங்கே என்ன வேலை என்று ஆளுக்கொரு பதில் வரும். ஒரு சிறிய நூலகத்தின் மேசையில் பல வருடம் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன், நம்முடைய சிரமத்தில் பாதி அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. நூலகம் இருப்பது ஊருக்குத் தெரியும், அது தனக்காகவும் இருக்கிறது என்பதுதான் தெரியாது. புத்தகம் வாங்குவது, அடுக்குவது, நிகழ்ச்சி நடத்துவது, சுவரொட்டி ஒட்டுவது எல்லாமே யாரோ ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு "இது உங்களுக்காகத்தான்" என்று தெரிய வைக்கிற வேலைதான். கீழே எழுதியிருப்பதை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பொது நூலகம் என்றாலே பெரிய நகரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பீட்டர்பரோ என்ற சிறிய ஊர், 1833இல் ஊர்க்கூட்டம் போட்டு, பொதுப் பணத்தில் எல்லோருக்கும் இலவசமாக ஒரு நூலகம் நடத்துவதென்று முடிவெடுத்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பொது நூலகம் திறந்தது 1852, அமெரிக்காவின் பாஸ்டனில் 1854. பெரிய ஊர்கள் பின்னால்தான் வந்தன.

படி 1: வராதவர்களின் பட்டியல்

புதிதாகப் பொறுப்பேற்றால் முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்கள் யார் (குழந்தை, மாணவர், வேலைக்குப் போகிறவர், முதியவர் என்று தோராயமாக), வந்து என்ன செய்தார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பெயர் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

இரண்டு வாரம் முடிந்ததும் அந்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊரில் யாரெல்லாம் இருக்கிறார்கள், அவர்களில் யார் இந்த நோட்டில் இல்லை என்று எழுதுங்கள். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள், வெளியூரிலிருந்து வேலை தேடி வந்து வேறு மொழி பேசுகிறவர்கள், கண் பார்வை மங்கியவர்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கடை வைத்திருப்பவர்கள். இந்தப் பட்டியல்தான் இனி வரப்போகிற ஒரு வருடத்துக்கான வேலைத் திட்டம். எல்லோரையும் ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. இரண்டு கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஐந்தாறு பேரை நேரில் பார்த்து, நூலகத்தைப் பற்றிக் கேட்காமல் அவர்களுடைய நாளைப் பற்றிக் கேளுங்கள். எத்தனை மணிக்கு ஓய்வு கிடைக்கிறது, எதைத் தேடி அலைகிறார்கள், எந்தப் படிவத்தை நிரப்பத் தெரியாமல் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். "நூலகத்தில் என்ன வேண்டும்" என்று கேட்டால் மரியாதைக்காக "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்வார்கள்.

படி 2: கதவு எப்போது திறந்திருக்கிறது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதைச் செய்தால் பயனில்லை. வேலைக்குப் போகிறவர் வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்திருக்கிற நூலகம், அவருக்கு மூடியே இருக்கிற நூலகம். மொத்த நேரத்தைக் கூட்டப் பணமோ ஆளோ இல்லையென்றால் இருக்கிற நேரத்தை நகர்த்துங்கள். யாரும் வராத ஒரு காலைப் பொழுதை மூடிவிட்டு அதை ஒரு மாலையாக மாற்றினாலே வித்தியாசம் தெரியும். எந்த நேரம் வைத்தாலும் அதில் மாறாமல் இருங்கள். ஒருமுறை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவரை மறுபடி வரவைப்பது மிகவும் கடினம். கூகுள் மேப்ஸில் உங்கள் நூலகத்தின் நேரம் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பல நூலகங்களுக்கு அங்கே தப்பான நேரம்தான் இருக்கிறது, விடுமுறை நாளும் ஏறியிருக்காது.

படி 3: அலமாரியில் களையெடுப்பு

புத்தகத்தை எடுத்துப் போடுவதா என்று பலருக்கு மனம் வராது. எனக்கும் வரவில்லை. முதல் வருடம் ஒன்றைக்கூடக் கழிக்கவில்லை, அலமாரிகள் பிதுங்கி நின்றன, நல்ல புத்தகங்கள் பின்வரிசையில் ஒளிந்துபோயின. பிறகு ஒரு நாள் ஒருவர் மருத்துவ நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். வாங்கிப் பார்த்தால் அதில் சொல்லியிருந்த மருந்து அளவுகள் பல பத்தாண்டு பழையவை. அதை இரவல் கொடுப்பது நூலகத்தின் பெயரால் தவறான அறிவுரை கொடுப்பதற்குச் சமம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில நூலகம் பல வருடமாகப் பரப்பி வரும், பழைய நூல்களைக் கழிக்கும் முறை ஒன்று இருக்கிறது, சிறிய நூலகங்களுக்கு அதைவிட எளிதான வழியை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து ஆறு கேள்வி கேட்க வேண்டும். இதில் இருக்கிற தகவல் இன்றைக்குத் தவறாகிவிட்டதா? கிழிந்து, பூஞ்சை பிடித்து, தொடவே மனம் வராத நிலையில் இருக்கிறதா? இதைவிடப் புதிய பதிப்போ சிறந்த நூலோ வந்துவிட்டதா? எழுதிய காலத்திலேயே சாரமில்லாததா? நம் ஊர் வாசகர்களுக்குச் சம்பந்தம் இல்லாததா? வேறு இடத்தில் சுலபமாகக் கிடைக்குமா? ஒரு கேள்விக்கு ஆமாம் என்றால் யோசியுங்கள், இரண்டு மூன்றுக்கு ஆமாம் என்றால் எடுத்துவிடுங்கள்.

மருத்துவம், சட்டம், வரி, கணினி, வேலைவாய்ப்புத் தேர்வு ஆகிய பகுதிகளை வருடா வருடம் பாருங்கள். கதை, நாவல் பகுதியில் மூன்று வருடமாக யாரும் தொடாததைத் தனியாக எடுத்து, ஒரு மாதம் வாசலருகே முகப்பு அட்டை தெரியும்படி வைத்துப் பாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால் அதற்கு வாசகர் இங்கே இல்லை. விதிவிலக்கு ஒன்று உண்டு: உங்கள் ஊரைப் பற்றியதும், ஊர்க்காரர் எழுதியதும் எவ்வளவு பழையதானாலும், யாரும் எடுக்காவிட்டாலும் இருக்க வேண்டும். அதை வேறு எந்த நூலகமும் வைத்திருக்கப்போவதில்லை.

அரசு நூலகம் என்றால் கழிவு செய்ய விதிமுறையும் ஒப்புதலும் இருக்கும், அதன்படியே போங்கள், நூலகத்துக்கு வந்த நூல்களையெல்லாம் எண் போட்டு எழுதும் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே தேதியும் காரணமும் எழுதுங்கள். கழித்த புத்தகங்களை ராத்திரியோடு ராத்திரியாகக் குப்பையில் போடாதீர்கள். ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும், அந்தக் கோபமும் நியாயமானதுதான். ஏன் எடுக்கிறோம் என்று முன்கூட்டியே ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டிவிடுங்கள்.

இந்த வேலை முடிந்தபின் ஒவ்வொரு தட்டிலும் கால்வாசி காலியாக இருக்க வேண்டும். அந்தக் காலி இடத்தில் ஒன்றிரண்டு புத்தகத்தை முகப்பு தெரிய நிறுத்துங்கள். முதுகு மட்டும் தெரிகிற நூலைவிட முகம் தெரிகிற நூல் வேகமாகப் போகும் என்பதைப் புத்தகக் கடைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். எத்தனையோ நூலகங்களில் களையெடுத்த பிறகு "புதுப் புத்தகம் நிறைய வந்திருக்கிறதே" என்று வாசகர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றுகூடப் புதிதாக வந்திருக்காது.

படி 4: வாங்குவதும் நன்கொடையும்

கையில் இருக்கிற பணம் கொஞ்சம்தான் என்பதால் ஒரு கணக்கைப் பழகிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை புத்தகம் இருக்கிறது, ஒரு வருடத்தில் எத்தனை இரவல் போனது என்று பாருங்கள். சமையல் பகுதியில் 50 நூல், 200 இரவல் என்றால் ஒவ்வொரு நூலும் சராசரியாக நான்கு முறை வெளியே போயிருக்கிறது. பொதுக் கட்டுரைகள் 600 நூல், 60 இரவல் என்றால் பத்தில் ஒன்று. அடுத்த வருடம் பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும். ஆனால் இதை மட்டுமே வைத்து வாங்கினால் ஏற்கனவே வருகிறவர்களுக்கே எல்லாம் போய்விடும். படி 1இல் எழுதிய பட்டியல் இருக்கிறதல்லவா, அவர்களுக்கென்று பட்ஜெட்டில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். கைக்குழந்தைகளுக்குக் கெட்டி அட்டைப் புத்தகம், பார்வை மங்கியவர்களுக்கு 16 புள்ளி அல்லது அதற்கும் பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்கள், புதிதாக வந்தவர்களின் மொழியில் நாலைந்து நூல் என்று சின்னதாகத் தொடங்கினால் போதும்.

பார்வையற்றவர்களுக்கும் அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கும் ஒலி நூலாகவோ பிரெய்லாகவோ மாற்றிக் கொடுப்பதற்கு வழிசெய்யும் மராகேஷ் ஒப்பந்தம் 2013இல் கையெழுத்தானது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால் அப்படி மாற்றிய நூல்களைத் தேசிய அளவிலான சேவைகளிடமிருந்து உங்கள் வாசகருக்குப் பெற்றுத் தரலாம். சிறிய நூலகத்தில் இதைக் கேட்டு வருகிறவர் யாரும் இல்லை என்பார்கள். கிடைக்கும் என்று தெரிந்தால்தானே கேட்பார்கள்?

நன்கொடை விஷயத்தில் கறாராக இருங்கள். யாராவது வீட்டைக் காலி செய்யும்போது பத்துப் பெட்டி பழைய பாடநூலைக் கொண்டுவந்து இறக்குவார்கள். "பார்த்துவிட்டுத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்வோம், மற்றதை வேறிடத்துக்குக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்று ஒரு பக்கத்தில் எழுதி, கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஈர வாடை அடிக்கிற பெட்டியை உள்ளேயே விடாதீர்கள். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை தொற்றிக்கொள்ளும், ஒரு பெட்டியிலிருந்து ஒரு அலமாரிக்கே பரவும். வந்த நூல்களைச் சில நாள் தனியறையில் வைத்து, பூச்சி இருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டு அடுக்குங்கள். கிழிந்த பக்கத்துக்குச் சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி, பசை ஊறி, பக்கத்தையே கெடுத்துவிடும்.

படி 5: அடுக்கு, பட்டியல், மென்பொருள்

மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் பல பொது நூலகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன, ஒவ்வொரு துறைக்கும் ஒரு எண். 500 என்றால் அறிவியல், 600 தொழில்நுட்பம், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். நூலகருக்கு இது வசதி. வாசகருக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதனால் எண்ணை வைத்துக்கொண்டே, அலமாரியின் தலையில் பெரிய எழுத்தில் "சமையல்", "விவசாயம்", "குழந்தை வளர்ப்பு", "வேலைத் தேர்வுகள்" என்று எழுதி மாட்டுங்கள். எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு பலகை எழுதி மாட்டுவது அந்த விதியைக் கடைப்பிடிக்கிற மிக மலிவான வழி.

இரண்டாயிரம் மூவாயிரம் புத்தகம் வரை ஒழுங்காக வைத்த ஒரு எக்செல் தாள்கூட ஓடும். அதற்கு மேல் போனால் நூல் பட்டியலையும் இரவலையும் கவனித்துக்கொள்ளும் கோஹா மென்பொருளைப் பாருங்கள். இலவசம், யாரும் திருத்திக்கொள்ளலாம், நூலில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்பிஎன் என்ற அடையாள எண்ணைக் கொடுத்தால் பல நூல்களுக்கு நூலின் விவரத்தை மற்ற நூலகப் பட்டியல்களிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்ற சிறிய வட்டாரத்தின் நூலகத்தில் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வேலை செய்யாது என்று தெரிந்தபோது, புதிதாக ஒன்றை எழுதச் சொல்லி, 2000 ஜனவரியில் அதை ஓட்டத் தொடங்கி, அப்படியே உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. ஒரு சின்ன ஊரின் தேவையிலிருந்து வந்ததை இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நூலகங்கள் பயன்படுத்துகின்றன. அதை நிறுவுவதற்குக் கணினி தெரிந்த ஒருவர் தேவை, வாராவாரம் பேக்கப் எடுத்து அதை நூலகத்துக்கு வெளியே வைப்பதும் தேவை. ஒட்டுவதற்குப் பார்கோடு போதும், ரேடியோ அலையில் படிக்கிற ஆர்எஃப்ஐடி சில்லுக்கெல்லாம் செலவழிக்காதீர்கள்.

படி 6: மேசை

நூலகத்தின் பெயர் ஊரில் நல்லபடியாக இருக்குமா என்பதை இரவல் மேசையில் இருப்பவர்தான் முடிவு செய்கிறார். ஒருவர் உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்லுங்கள், அவ்வளவுதான் ஆரம்பம். "என்ன வேணும்" என்ற தொனியில் கேட்டால், முதல் முறை வருகிறவர் தான் வரக்கூடாத இடத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

மக்கள் முதலில் கேட்பது பல நேரம் அவர்களுக்கு உண்மையில் வேண்டியதாக இருக்காது. சட்டப் புத்தகம் எங்கே என்பார், நாலு வார்த்தை பேசினால் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை என்று தெரியவரும். "எதற்காகத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் சரியானதை எடுத்துத் தருகிறேன், சொல்ல விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை" என்று மெதுவாகக் கேட்டுப் பழகுங்கள். மருத்துவமோ சட்டமோ நாம் ஆலோசனை சொல்லக்கூடாது, நம்பகமான நூலையும் அடுத்து யாரைப் பார்க்கலாம் என்பதையும் காட்டலாம்.

யார் என்ன எடுத்தார்கள் என்பது மேசையைத் தாண்டிப் போகவே கூடாது. சின்ன ஊரில் இது பெரிய ஊரைவிடப் பத்து மடங்கு முக்கியம், ஏனென்றால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மணமுறிவு பற்றியோ மனச்சோர்வு பற்றியோ ஒருவர் புத்தகம் எடுத்தது தெருவுக்குத் தெரிந்துவிட்டால், அவரோடு சேர்ந்து இன்னும் பத்துப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள். தன்னார்வலர்களுக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரவல் பேரேடு மேசைமேல் விரித்தபடி கிடக்க வேண்டாம். புத்தகம் திரும்பியதும் பழைய இரவல் விவரத்தை வாசகர் பெயரோடு வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றால் அழித்துவிடுங்கள்.

தாமதக் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. அபராதம் வாங்குவதால் புத்தகம் ஒழுங்காகத் திரும்பும் என்று நாம் நம்பி வந்தோம். சிகாகோ பொது நூலகம் 2019இல் தாமதக் கட்டணத்தை முழுக்க நீக்கியது. நீண்ட நாளாக வெளியே இருந்த புத்தகங்கள் அடுத்த சில வாரங்களில் பெருமளவில் திரும்பி வந்தன. காரணம் எளிது: கட்டணம் ஏற ஏற அதைக் கட்ட முடியாதவர் வெட்கப்பட்டு நூலகப் பக்கமே வராமல் போகிறார். புத்தகமும் போகிறது, வாசகரும் போகிறார். உங்கள் விதியை நீங்களே மாற்ற முடியாது என்றால்கூட, குழந்தைகள் நூலுக்கு விலக்குக் கேட்டு எழுதுங்கள், வருடத்தில் ஒரு வாரம் கட்டணமில்லாமல் திருப்பித் தரும் வாரம் வையுங்கள். தொலைந்த நூலுக்கு மாற்றுநூல் வாங்கித் தரச் சொல்வது வேறு விஷயம், அது நியாயம்.

படி 7: நிகழ்ச்சிகள்

பெரிய விழா ஒன்றை வருடத்துக்கொரு முறை நடத்தி ஓய்ந்துபோவதைவிட, சின்ன நிகழ்ச்சி ஒன்றை வாராவாரம் அதே கிழமை அதே நேரத்தில் நடத்துவது பலன் தரும். தொடங்குவதற்கு மிகச் சிறந்தது குழந்தைகள் கதை நேரம். அரை மணி நேரம் போதும்: இரண்டு மூன்று படப் புத்தகம், இடையில் கை தட்டிப் பாட ஒரு பாட்டு, முடிவில் அந்தப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போகும்படி பரப்பி வைக்க வேண்டும். முதல் வாரம் மூன்று குழந்தைதான் வரும். மூவருக்கும் முழு மனதோடு வாசியுங்கள், நிறுத்தாதீர்கள், எட்டாவது வாரத்துக்குள் பெற்றோர்களே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவார்கள். கூட்டிவந்த பெரியவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தில் புரட்டிப் பார்க்க அருகிலேயே ஒரு தட்டு வையுங்கள், அவர்களும் உறுப்பினர் அட்டை எடுப்பார்கள்.

பெரியவர்களுக்கு வாசகர் வட்டம். எல்லோரும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வர வேண்டும் என்றால் பத்துப் பிரதிக்கு எங்கே போவது? ஆளுக்கொரு புத்தகம் படித்துவிட்டு வந்து ஐந்து நிமிடம் பேசட்டும், பேசி முடித்ததும் அந்தப் புத்தகம் பக்கத்தில் இருப்பவர் கைக்குப் போகட்டும். பேராசிரியர் பாணியில் நீளமாகப் பேசுகிறவர் ஒருவர் எல்லா வட்டத்திலும் இருப்பார், அவரை நோகடிக்காமல் நிறுத்த மேசைமேல் ஒரு கடிகாரம் வைத்து விதியை முதலிலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட வேண்டும்.

டென்மார்க்கில் 2000இல் தொடங்கிய மனித நூலகம் என்ற யோசனை சின்ன ஊருக்கு நன்றாகப் பொருந்தும். ஒரு மனிதரே புத்தகமாக உட்கார்ந்திருப்பார், வாசகர் அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். பல வருடம் கப்பலில் வேலை பார்த்தவர், பிரசவம் பார்த்தவர், பார்வை இழந்தவர், நாடு விட்டு வந்தவர் என்று ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை மறுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதை இரு பக்கமும் தெளிவாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 8: ஊருக்குச் சொல்வது

"நூலகத்துக்கு வாருங்கள், அறிவை வளருங்கள்" என்ற சுவரொட்டியைப் பார்த்து யாரும் கிளம்பி வந்ததில்லை. ஒரு அறிவிப்பு ஒருவருக்கு, ஒரு காரியத்தைப் பற்றி, ஒரு நேரத்தைச் சொல்ல வேண்டும். "வேலைக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமா? புதன் மாலை 6 மணிக்கு நூலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம், இலவசம்." இதை ஒட்ட வேண்டிய இடம் நூலகத்தின் சுவர் இல்லை, அங்கே ஒட்டினால் ஏற்கனவே வந்தவர்தான் படிப்பார். முடிதிருத்தகம், மருத்துவமனைக் காத்திருப்பு அறை, பேருந்து நிறுத்தம், சலவைக் கடை என மனிதர்கள் சும்மா உட்கார்ந்து காத்திருக்கிற இடங்களில் ஒட்டுங்கள், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு. தேதி முடிந்ததும் நீங்களே போய் எடுத்துவிடுங்கள், அடுத்த முறை சந்தோஷமாக இடம் கொடுப்பார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்புக் குழு தொடங்குங்கள், நிர்வாகி மட்டும் எழுதும்படி வைத்து, வாரம் இரண்டு செய்திக்கு மேல் போடாதீர்கள். காலை வணக்கமும் பொன்மொழியும் வந்து குவிகிற குழுவை மக்கள் ஒலியடக்கி வைத்துவிடுவார்கள், அதோடு உங்கள் நல்ல செய்தியும் போய்விடும். பேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ புத்தக அட்டையை மட்டும் போடாமல், அதைப் படித்த ஊர்க்காரர் ஒருவர் இரண்டு வரி சொன்னதை அவர் சம்மதத்தோடு போடுங்கள். தெரிந்த முகத்தின் வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு நம் வார்த்தைக்கு இல்லை. குழந்தைகள் படத்தைப் பெற்றோரின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் போட வேண்டாம்.

எல்லாவற்றையும்விடப் பலன் தந்தது, நாமே எழுந்து வெளியே போவது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் மேரி டிட்கம் என்ற நூலகர், வாஷிங்டன் கவுண்டியின் கிராமங்களில் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் புத்தகப் பெட்டிகளை வைத்துப் பார்த்தார், அதுவும் எல்லோரையும் எட்டவில்லை என்று கண்டு 1905இல் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றி வீட்டு வாசலுக்கே அனுப்பினார். நமக்கு வண்டி இல்லாவிட்டாலும் பெட்டி இருக்கிறது. முப்பது நாற்பது புத்தகத்தை அடுக்கி, மாதத்தில் இரண்டு நாள் முதியோர் இல்லத்துக்கோ, தொழிற்சாலை வாசலுக்கோ, பள்ளிக்கோ கொண்டுபோங்கள். உறுப்பினர் படிவத்தைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே நிரப்பி, அங்கேயே அட்டையைக் கொடுத்து, ஒரு புத்தகத்தையும் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். "நூலகத்துக்கு வந்து அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள். படிவமும் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். முகவரிச் சான்று இல்லாதவர்களுக்குத் தற்காலிக அட்டையில் ஒரே ஒரு புத்தகமாவது கொடுக்க வழி செய்யுங்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களும் வாசகர்கள்தான்.

பள்ளி ஆசிரியர்களைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் என்ன பாடம் வருகிறது என்று தெரிந்தால் அதற்குப் பொருத்தமான நூல்களை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம்.

படி 9: ஊரின் நினைவு

சின்ன நூலகம் பெரிய நூலகத்தோடு எதிலும் போட்டி போட முடியாது, இதில் மட்டும் முடியும். ஊரின் பழைய படங்கள், கடை ரசீதுகள், பள்ளி ஆண்டு மலர்கள், விழா அழைப்பிதழ்கள், நின்றுபோன உள்ளூர்ப் பத்திரிகைகள், வரைபடங்கள் எல்லாம் வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன, வீடு மாறும்போது குப்பைக்குப் போகின்றன. மாதம் ஒரு நாள் "பழைய படத்தைக் கொண்டுவாருங்கள், ஸ்கேன் செய்துவிட்டு உடனே திருப்பித் தருகிறோம்" என்று அறிவியுங்கள். படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, சுருக்காத டிஃப் கோப்பாக ஒரு பிரதியும் பகிர்வதற்குச் சின்னதாக ஒரு பிரதியும் வையுங்கள். படத்தில் யார், எந்த இடம், ஏறக்குறைய எந்த வருடம் என்பதைக் கொண்டுவந்தவர் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள், பெயரில்லாத படம் பத்து வருடத்தில் அனாதையாகிவிடும். படத்தின் பின்புறம் எழுதுவதென்றால் மென்மையான பென்சிலால் மட்டும், பேனா வேண்டாம். காட்சிக்கு வைக்கலாமா, இணையத்தில் போடலாமா என்று தனித்தனியாகச் சம்மதம் வாங்குங்கள்.

எங்கள் ஊரில் இந்த ஒரு நாளில்தான், நூலகத்துக்குள் வாழ்நாளில் கால் வைக்காத முதியவர்கள் வந்தார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் ஏதோ இருந்தது. ஒரு பாட்டி தன் அப்பா நின்றிருந்த குழுப் படத்தை நூலகச் சுவரில் பார்த்த பிறகு பேரப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார். அத்தனை பேரும் இன்று உறுப்பினர்கள்.

படி 10: உடன் நிற்பவர்கள்

"நேரம் கிடைக்கும்போது வந்து உதவுங்கள்" என்றால் யாருக்கும் நேரம் கிடைக்காது. "சனிக்கிழமை 10 முதல் 12 வரை குழந்தைகள் பகுதியை அடுக்கித் தர ஒருவர் வேண்டும், மூன்று மாதத்துக்கு" என்று கேளுங்கள். ஆரம்பமும் முடிவும் தெரிந்தால் ஒப்புக்கொள்வது சுலபம். அரை மணி நேரமாவது பயிற்சி கொடுங்கள், மூன்று மாதம் முடிந்ததும் மரியாதையாக விடுவித்துவிட்டு மறுபடி கேளுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலையைத் தன்னார்வலர் தலையில் கட்டாதீர்கள், அப்படிச் செய்தால் நாளைக்கு அந்தப் பணியிடமே தேவையில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

படி 11: பணம் கேட்பதும் கணக்குக் காட்டுவதும்

யுனெஸ்கோவும் சர்வதேச நூலகக் கூட்டமைப்பான இஃப்லாவும் சேர்ந்து வெளியிடும் பொது நூலக அறிக்கை, கடைசியாக 2022இல் திருத்தப்பட்டது. பொது நூலகச் சேவை கொள்கையளவில் இலவசமாக இருக்க வேண்டும், அதற்கான செலவை அரசும் உள்ளாட்சியும் ஏற்க வேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. மனு எழுதும்போது இதைக் குறிப்பிடலாம். ஆனால் கையெழுத்துப் போடுகிறவரின் மனதைத் தொடுவது உங்கள் ஊர்க் கணக்குதான்.

வருடம் முடிந்ததும் ஒரே ஒரு பக்கத்தில் அறிக்கை தயார் செய்யுங்கள். வருகை, இரவல், புதிய உறுப்பினர், நிகழ்ச்சிகள் என்று நாலு எண், போன வருட எண்ணுக்குப் பக்கத்தில். கீழே மூன்று நிகழ்வுகள், பெயர் சொல்லாமல்: நூலகத்தில் படித்து வேலை கிடைத்தவர், கதை நேரத்துக்கு வந்து பேசத் தொடங்கிய குழந்தை, ஓய்வூதியப் படிவத்தை இங்கே உட்கார்ந்து நிரப்பியவர். கடைசி வரியில் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேளுங்கள். "கூடுதல் நிதி தேவை" என்று எழுதாமல், எந்த வேலைக்கு, எவ்வளவு, அதனால் எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள். இதை வரவு செலவுத் திட்டம் தயாராவதற்கு மூன்று மாதம் முன்பே கொடுக்க வேண்டும், வந்த பிறகு கொடுத்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.

நிதி ஒதுக்குகிற அதிகாரிகளையும் உள்ளாட்சி உறுப்பினர்களையும் பணம் கேட்கப் போகும்போது மட்டும் பார்க்காதீர்கள். கதை நேரம் நடக்கிற ஒரு நாள் வரச் சொல்லி, குழந்தைகளுக்கு ஒரு புத்தகம் வாசித்துக் காட்டக் கேளுங்கள். பொன்னாடை, மேடை, மைக் எதுவும் வேண்டாம். பாயில் உட்கார்ந்து, பத்துப் பிள்ளைகள் அடுத்து என்ன என்று வாய் பார்த்துக்கொண்டிருக்க ஒரு படப் புத்தகத்தை முழுதாக வாசித்து முடிக்கட்டும். போகும்போது அவர் பெயரிலும் ஒரு உறுப்பினர் அட்டை போட்டு, ஒரு புத்தகத்தோடு கையில் கொடுத்து அனுப்புங்கள், திருப்பித் தரவேண்டிய தேதியை நீங்களே சொல்லி.